சிறு கடன் வழக்கில் பிராது எப்படி இருந்தாலும் செல்லுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். 40,000 ரூபாய்க்கு ஒரு புரோநோட்டு இருக்கிறது. வக்கீல் வைக்காமல் வாதியே பிராது (வழக்கைத் தொடங்கி வைக்கும் மனு) எழுதித் தாக்கல் செய்யப் பார்க்கிறார். “சின்னத் தொகை, முன்சீப் கோர்ட்டு. அங்கே பிராது முன்னே பின்னே இருந்தாலும் தள்ள மாட்டார்கள்” என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். இதை நம்பலாமா?

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்று தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் தோற்கிறார்கள். பிராது எழுதிய விதத்தில் உள்ள குறையைக் கீழமை நீதிமன்றங்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எழுதாமலே விட்ட விஷயத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலக்கெடு, ஸ்டாம்ப் போன்றவற்றில் தொகை சின்னதா பெரியதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் இந்தத் தளர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். இரண்டு ஊற்றுகள் உண்டு. மக்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, நீதிமன்றங்கள் தீர்ப்புகள் வழியாகக் காட்டிவரும் தாராளம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908இன்படி, எதிர்த்தரப்பு சொன்ன ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாக, தெளிவாக மறுக்க வேண்டும், மறுக்காதது ஒப்புக்கொண்டதாகும். கட்டளை 8, விதிகள் 3 முதல் 5 வரை சொல்வது இதுதான். ஆனால் 1963இல் பாதத் அண்டு கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைச் சுட்டியது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் தேர்ந்த வழக்கறிஞர்கள் கவனமாக எழுதும் உரைகளை, அதாவது பிராதையும் எதிருரையையும் (பிரதிவாதியின் எழுத்துப் பதில்), இந்த விதிகளின் கண்டிப்போடு படிக்கலாம். அதே கண்டிப்பை மொபசல் (பெருநகருக்கு வெளியே உள்ள) கோர்ட்டுகளில் வைத்தால் அநியாயம் நடக்கும், அங்கே நீதிபதி தன் விருப்புரிமையைப் பயன்படுத்தி நிரூபணம் கேட்கலாம் என்றது. 1976இல் ஒரு பண வழக்கிலேயே, கீழமை நீதிமன்ற உரைகள் தளர்வாகத்தான் எழுதப்படுகின்றன, அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நியாயமான கோரிக்கையைத் தோற்கடிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் வக்கீல்கள் கையில் எடுப்பது இவற்றைத்தான்.

இரண்டாவது ஊற்று சட்டத்திலேயே இருக்கிறது. ‘ஸ்மால் காஸ்’ எனப்படும் சிறுவழக்கு முறை. சென்னையில் இதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. அதற்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற இடங்களுக்கு 1887ஆம் ஆண்டு மாகாணச் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டம். அதன்படி வழக்கமான நீதிபதி ஒருவருக்கே ஒரு சிறு தொகை வரை இந்த அதிகாரம் தரப்பட்டிருக்கும். புரோநோட்டுக் கடன், கைமாற்று, சரக்குக்கான பாக்கி எல்லாம் இந்த வகையில் வரக்கூடியவை. கட்டளை 50, நடைமுறைச் சட்டத்தின் எந்தெந்தப் பகுதி இந்த நீதிமன்றங்களுக்குப் பொருந்தாது என்று பட்டியல் போடுகிறது. எழுவினா (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வகுக்க வேண்டியதில்லை. மேல்முறையீடு போகும் வழக்குகளில் செய்வதுபோல் சாட்சியத்தை விரிவாகப் பதிய வேண்டியதில்லை. கட்டளை 20 விதி 4இன்படி தீர்ப்பில் தீர்மானிக்க வேண்டிய விஷயமும் அதன் முடிவும் இருந்தால் போதும். காரணங்களை அடுக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்டதும் பலருக்கு நிம்மதி வருகிறது. வரக் கூடாது. எழுவினா வகுக்காத விசாரணையில், எதைப் பற்றி வழக்கு என்பதைச் சொல்லும் ஒரே தாள் உங்கள் பிராதுதான். உரைகளும் பிராதும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை 6, கட்டளை 7 இரண்டும் பட்டியலில் விலக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். சிறுவழக்கிலும் பிராதில் இருக்க வேண்டியவை இருந்தே ஆக வேண்டும். தீர்ப்பு தவறாகப் போனால் முதல் மேல்முறையீடும் இல்லை. 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 25இன்படி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு (ரிவிஷன்) மட்டும்தான். வழக்கமான அசல் வழக்காகவே போட்டாலும், சிறுவழக்கு வகையைச் சேர்ந்ததாகவும் 10,000 ரூபாய்க்குள்ளும் இருந்தால் சட்டப் பிரச்சினை ஒன்றை வைத்துத்தான் மேல்முறையீடு. 25,000 ரூபாய் வரையுள்ள பண வழக்கில் இரண்டாம் மேல்முறையீடு கிடையாது. தொகை சின்னதாக ஆக, பிழையைத் திருத்திக்கொள்ளும் படிகளும் குறைகின்றன.

சரி, எவையெல்லாம் மன்னிக்கப்படும்?

பிரமாண வாசகம் (பிராதில் உள்ளவை உண்மை என்ற உறுதிமொழி) விட்டுப்போனது, ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லாதது, பத்தி எண்கள் குழம்பியது, சட்டப் பிரிவைத் தப்பாகக் குறித்தது போன்றவை சரிசெய்யக்கூடிய குறைகள். 1996இல் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா தொடர்ந்த கடன் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. பிராதில் கையெழுத்திட்ட அதிகாரிக்கு அதிகாரம் இருந்ததென்று நிரூபிக்கவில்லை என்று கீழே தள்ளியிருந்தார்கள். நடைமுறைக் குறைக்காக நியாயமான கடனைத் தோற்கடிக்கக் கூடாது, அந்தச் செயலை வங்கி பின்னர் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் வங்கிக்குத் தீர்ப்பளித்தது. நீதிமன்ற அலுவலகம் இத்தகைய குறைகளைக் குறித்து பிராதைத் திருப்பும். கெடுவுக்குள் திருத்தி மறுதாக்கல் செய்தால் போதும். திருப்பிய தேதியையும் மறுதாக்கல் நாளையும் மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். இங்கே அசந்தால் தாமத மன்னிப்பு மனு, அதற்கொரு பிரமாணப் பத்திரம், எதிர் மனு என்று மாதங்கள் போய்விடும்.

இட அதிகார வரம்பிலும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. பிரதிவாதி குடியிருக்கும் இடம், நோட்டு எழுதிய இடம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 20 தரும் வாய்ப்புகளில் ஒன்றைப் பிராதில் சொல்ல வேண்டும். தப்பாகப் போட்டாலும் பிரதிவாதி ஆரம்பத்திலேயே ஆட்சேபிக்காவிட்டால் பிறகு அதை வைத்துத் தீர்ப்பைக் கவிழ்க்க முடியாது; பிரிவு 21 அப்படிச் சொல்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பாததும் குறையல்ல. தனியாருக்கிடையிலான புரோநோட்டு வழக்குக்கு முன்னறிவிப்பு கட்டாயமில்லை.

இன்னும் ஆழமான மன்னிப்பு ஒன்று 1951ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருக்கிறது. வீடு வாங்க 30,000 ரூபாய் கொடுத்தேன், கிரயம் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று வாதி கேட்டார். அது கிரயப் பணமே அல்ல, கடனாக வாங்கினோம் என்றார்கள் பிரதிவாதிகள். கிரயக் கதை நிற்கவில்லை. கடன் என்று வாதி மாற்றாகக்கூட கேட்டிருக்கவில்லை. ஆனாலும் பிரதிவாதிகளே தங்கள் எதிருரையில் ஒப்புக்கொண்ட கடனுக்கு டிகிரி (தீர்ப்பை நிறைவேற்றத் தரும் ஆணை) கொடுப்பதில் அவர்களுக்கு எந்தத் திகைப்பும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பணத்துக்கு டிகிரி தந்தது. எதிராளிக்கு முன்பே தெரிந்திருந்ததா, அதை எதிர்த்துப் பேச அவருக்கு வாய்ப்பு இருந்ததா என்பதுதான் எல்லாத் தளர்வுக்கும் அளவுகோல். இருந்தது என்றால் சொல் தப்பியது பெரிதல்ல. இல்லையென்றால், எவ்வளவு சின்ன கோர்ட்டானாலும் புதுக் கதைக்கு இடமில்லை.

இனி மன்னிப்பில்லாதவை. பணம் போவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் காலக்கெடு. கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு 3 ஆண்டு, அதுவும் நோட்டின் தேதியிலிருந்து. நீங்கள் பணம் கேட்ட தேதியிலிருந்து அல்ல. 10.03.2022 தேதியிட்ட நோட்டுக்கு 10.03.2025 கடைசி நாள். பிரதிவாதி கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் கெடு கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ள வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 3. இடையில் வரவு எழுதியிருந்தால் தப்பலாம். பிரிவு 19 கேட்பது மூன்று: கெடு முடியும் முன் பணம் செலுத்தியிருக்க வேண்டும், செலுத்தியதற்கு எழுத்துப் பதிவு இருக்க வேண்டும், அந்தப் பதிவு செலுத்தியவரின் கையெழுத்திலோ அவர் ஒப்பமிட்டதாகவோ இருக்க வேண்டும். கடன் கொடுத்தவரே நோட்டின் பின்னால் “ரூ.1,000 வரவு” என்று எழுதி வைத்துக்கொண்டது செல்லாது. தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் புரோநோட்டு வழக்குகள் சாகும் இடங்களில் இதுவும் ஒன்று.

வரவை வைத்துக் கெடு நீட்டுகிறீர்கள் என்றால், அதைப் பிராதிலேயே சொல்ல வேண்டும்; கட்டளை 7 விதி 6. இங்கே ஒரு சலுகையும் இருக்கிறது. சொல்லாமல் விட்ட காரணத்தையும், பிராதில் உள்ள காரணத்தோடு முரண்படாவிட்டால், நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஆனால் சலுகையை நம்பிப் பிராது எழுதுவது குடை இருந்தும் மழையில் போவது மாதிரி. தேதிகளைப் பார்த்ததுமே கெடு கடந்தது தெரிகிற பிராதை கட்டளை 7 விதி 11இன்படி வாசலிலேயே நிராகரிக்கலாம். கெடு ஏற்கெனவே முடிந்திருந்தால் வெறும் ஒப்புகைக் கடிதத்தால் பயனில்லை. பழைய கடனைத் தருகிறேன் என்று புதிதாக எழுதிக் கையொப்பமிட்ட வாக்குறுதி வேண்டும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3). அப்போது வழக்கின் அடிப்படையே அந்தப் புதிய எழுத்துதான். பிராதும் அதை மையமாக வைத்தே எழுதப்பட வேண்டும்.

அடுத்து ஸ்டாம்ப். புரோநோட்டுக்குச் சட்டப்படி சேர வேண்டிய தொகை சில பைசாக்கள். நடைமுறையில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுகிறார்கள். இதில் குறை வந்தால் விளைவு தொகைக்குச் சம்பந்தமே இல்லாதது. மற்ற ஆவணங்களுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்த வழியே கிடையாது. முத்திரைச் சட்டம் பிரிவு 35 அதை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. ஒட்டிய ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாதபடி அதன் மேல் கையெழுத்துப் போட்டோ கோடிட்டோ ரத்து செய்யாவிட்டால் ஸ்டாம்பே ஒட்டாததற்குச் சமம். பிரதிவாதிக்கும் ஒரு பாடம் இதில் உண்டு: ஆட்சேபத்தை நோட்டு சான்றாவணமாகக் குறியிடப்படும் நொடியில் எழுப்ப வேண்டும். குறியிட்டு முடிந்த பிறகு அந்த வழக்கில் அதைக் கிளப்ப முடியாது.

நோட்டு இப்படிப் படுத்துவிட்டால் கடனாவது நிற்குமா? இதற்கு 1938ஆம் ஆண்டுச் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வுத் தீர்ப்பு இன்னும் வழிகாட்டி. பணம் கைமாறிய அதே நேரத்தில், கடனின் எல்லா நிபந்தனைகளும் அடங்கிய ஒரே எழுத்தாக நோட்டு எழுதப்பட்டிருந்தால், நோட்டை விட்டுவிட்டுக் கடனை மட்டும் நிரூபிக்க விடமாட்டார்கள். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு அந்த எழுத்தே சான்று என்ற சாட்சியச் சட்ட விதி தடுக்கிறது. கடன் முன்பே கொடுக்கப்பட்டு, பிறகு அதற்கு உத்தரவாதமாக நோட்டு வாங்கப்பட்டிருந்தால், நோட்டு போனாலும் கடன் தனியாக நிற்கும். ஆகவே எது முதலில் நடந்தது என்பதைப் பிராதில் எழுதியே ஆக வேண்டும். “பிரதிவாதி கடன் வாங்கிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார்” என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு, ஸ்டாம்ப் பிரச்சினை வந்ததும் “ஒரு மாதம் முன்பே பணம் கொடுத்தேன்” என்று கூண்டில் சொன்னால் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். உண்மையிலேயே கடன் முந்தியது என்றால் “நோட்டின் பேரிலும், மாற்றாக அசல் கடனின் பேரிலும்” என்று இரண்டு கால்களையும் முதல் நாளே ஊன்றுங்கள். அந்த இரண்டாவது காலுக்குக் கெடு கடன் கொடுத்த நாளிலிருந்து ஓடும். நோட்டுத் தேதியிலிருந்து அல்ல.

இறந்தவர் மேல் போட்ட வழக்கும் தேறாது. பிராது தாக்கலாகும் நாளில் கடன்காரர் உயிரோடு இல்லையென்றால் அது பிறக்கும்போதே செத்த வழக்கு. வாரிசுகள் மேல் போட வேண்டும். அப்போதும் அவர்கள் கைக்கு வந்த இறந்தவரின் சொத்தளவுக்குத்தான் பொறுப்பு என்பதால், பரிகாரப் பத்தியில் “இறந்தவரின் சொத்திலிருந்து” என்று கேட்க வேண்டும்.

கடை நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. தனி உரிமையாளர் தன் கடைப் பெயரில் வழக்குப் போடுவது. கடைப் பெயரில் அவர் மேல் வழக்குப் போடலாம், அவர் அந்தப் பெயரில் போட முடியாது. இது திருத்தக்கூடியது. மற்றது திருத்தவே முடியாதது: பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் வியாபார ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடர்வதை 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் பிரிவு 69 தடுக்கிறது. பதிவான நிறுவனம் என்றால் அதைப் பிராதில் சொல்லி, வழக்குப் போட்ட கூட்டாளியின் பெயர் பதிவேட்டில் இருப்பதையும் காட்ட வேண்டும்.

இனி, கேள்வியில் உள்ள நோட்டுக்குப் பிராதின் உயிரான பத்திகள் எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி. வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் என்றும், இடையில் ஒரு வரவு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்கிறேன்.

“பிரதிவாதி தன் குடும்பச் செலவுக்காக 10.03.2022 அன்று வாதியிடம் ரூ.40,000 ரொக்கமாகக் கடன் பெற்று, வாதி கேட்கும்போது நூற்றுக்கு மாதம் ரூ.1 வட்டியுடன் வாதிக்கோ அவர் உத்தரவு பெற்றவருக்கோ திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு, அன்றே வாதியின் வீட்டில் வைத்துப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார்.”

“04.02.2024 அன்று பிரதிவாதி வட்டிக்காக ரூ.1,000 செலுத்தி, நோட்டின் பின்புறம் தம் கைப்பட வரவு எழுதி ஒப்பமிட்டுள்ளார். ஆகவே அந்தத் தேதி முதல் புதிய காலக்கெடு தொடங்குகிறது. வழக்கு கெடுவுக்குள் உள்ளது.”

“10.01.2026 வரை அசல் ரூ.40,000, 46 மாத வட்டி ரூ.18,400, கழிக்க வரவு ரூ.1,000, ஆக வர வேண்டியது ரூ.57,400.”

இவ்வளவுதான். யார், எவ்வளவு, எந்தத் தேதி, எங்கே, என்ன நிபந்தனை, எவ்வளவு திரும்பியது, பாக்கி எவ்வளவு. யார் சாட்சி, அவர் என்ன சொல்வார் என்பதெல்லாம் பிராதில் வேண்டாம். சங்கதியைச் சொல், சாட்சியத்தைச் சொல்லாதே என்பதே கட்டளை 6 விதி 2. பிரதிவாதி நன்றி மறந்தவர், ஊரை ஏமாற்றுபவர் என்ற பத்திகளால் நீதிபதியின் பொறுமை போவதைத் தவிர வேறு பயனில்லை. வழக்கு மூலம் (வழக்குப் போடக் காரணமான சங்கதி) எங்கே எப்போது எழுந்தது, மதிப்பீடு, நீதிமன்றக் கட்டணம், பரிகாரம் ஆகியவை தனிப் பத்திகள். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கட்டணம் 2017க்கு முன் 7.5 சதவீதமாக இருந்து பிறகு 3 சதவீதமானது. மேலே உள்ள தொகைக்கு ரூ.1,722 வரும். தொகையைத் துல்லியமாகக் கேளுங்கள். கேட்டதற்கு மேல் நீதிமன்றம் தராது; கூட்டலில் விட்ட 2,000 ரூபாய் போனது போனதுதான்.

வட்டி பற்றித் தனியாக ஒரு சொல். நோட்டில் வட்டி விகிதம் எழுதாவிட்டால் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 80 ஆண்டுக்கு 18 சதவீதம் தருகிறது. வாய்ப்பேச்சாக அதைவிட அதிகம் பேசினோம் என்று பிராதில் எழுதி லாபமில்லை. வழக்குத் தாக்கலுக்குப் பிந்திய வட்டியையும் பரிகாரத்தில் கேட்க வேண்டும். வணிகம் சாராத கடனுக்கு டிகிரி தேதிக்குப் பிறகு 6 சதவீதம்தான் உச்சம்.

நோட்டில் உள்ளதும் பிராதில் உள்ளதும் ஒரே கதையாக இருக்கட்டும். கையெழுத்து நிரூபணமானதும் மறுபயன் (நோட்டுக்கு ஈடான பணம்) கொடுக்கப்பட்டது என்று செலாவணி முறிச் சட்டம் பிரிவு 118இன்படி சட்டமே அனுமானிக்கும். வாதியின் பெரிய பலம் அது. நோட்டில் “ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்” என்று இருக்க, பிராதில் “பழைய சீட்டுப் பாக்கிக்காக” என்று எழுதினால் அந்தப் பலத்தை வாதியே தன் கையால் குறைத்துக்கொள்கிறார். உண்மை இரண்டாவதுதான் என்றால் அதை மறைக்காமல், ஏன் நோட்டில் அப்படி எழுதப்பட்டது என்ற விளக்கத்தோடு பிராதிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறொருவரிடமிருந்து மேடோவர் (நோட்டின் உரிமையை மாற்றி எழுதிக் கொடுப்பது) வாங்கிய நோட்டு என்றால் மேடோவர் தேதி, எழுதிக் கொடுத்தவர், அதற்கான மறுபயன் மூன்றும் பிராதில் வர வேண்டும்.

நோட்டே இல்லாமல் வங்கிப் பரிமாற்றம், வாட்ஸப் உரையாடல் மட்டும் உள்ள கைமாற்று வழக்குகள் இப்போது பெருகிவிட்டன. பணம் போனதை வங்கிக் கணக்கு காட்டும்; கடனாகப் போனதை அது காட்டாது. “கடனாகக் கொடுத்தேன், இன்ன தேதியில் ஒப்புக்கொண்டார்” என்பதைப் பிராது சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட் அச்சுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழும் வேண்டும்.

பிரதிவாதி பக்கம் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அழைப்பாணை கிடைத்து 30 நாளில் எதிருரை, நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் வரை. சாதாரண வழக்கில் 90 நாள் உடைக்கவே முடியாத எல்லை அல்ல என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். “பிராதில் உள்ள சங்கதிகள் யாவும் பொய்” என்ற ஒற்றை வரி எதிருரை மொபசல் தளர்வின் தயவில்தான் உயிர் வாழ்கிறது. கையெழுத்து என்னுடையதல்ல என்றால் அதை மட்டும் நேராகச் சொல்லி ஒப்பீட்டுக்கு மனுப் போடுங்கள். கையெழுத்தே இல்லை என்றும், வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து என்றும் ஒரே எதிருரையில் சொன்னால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதே அதை நிரப்பிக்கொள்ளத் தந்த அதிகாரமாகலாம் என்று செலாவணி முறிச் சட்டத்தின் பிரிவு 20 சொல்வதையும் மறக்க வேண்டாம். பணம் திருப்பிக் கொடுத்தேன் என்றால் தேதி, தொகை, எப்படிக் கொடுத்தது என்பது வேண்டும். கடனை ஒப்புக்கொண்டு தவணை மட்டும் கேட்கவும் கட்டளை 20 விதி 11 இடம் தருகிறது. சிறு தொகைகளில் பல நேரம் இதுவே புத்திசாலித்தனம்.

பிரதிவாதி வராமலே இருந்துவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது ஒருதலைப்பட்ச டிகிரி. பிரதிவாதி வரவில்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு டிகிரி தரக் கூடாது, பிராதில் உள்ள சங்கதிகளே கோரிக்கையைத் தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே எதிர்ப்பே இல்லாத வழக்கிலும் ஓட்டைப் பிராது தோற்கலாம். டிகிரியை நீக்க மனுப்போட 30 நாள். சிறுவழக்கு நீதிமன்ற டிகிரி என்றால் கூடுதலாக ஒரு கண்ணி: மனுவோடு டிகிரித் தொகையைக் கட்ட வேண்டும்; இல்லையேல் முன்கூட்டியே தனி மனுப்போட்டு, நீதிமன்றம் சொல்லும் ஜாமீனைத் தர வேண்டும். 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 17இல் உள்ள இந்த நிபந்தனை கட்டாயமானது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உரைகளில் இளகும் அதே சட்டம் இங்கே கல்லாக நிற்கிறது.

பிராதில் தவறு பிறகு தெரிந்தால், சாட்சி விசாரணை தொடங்கும் முன் திருத்த மனுப் போடுங்கள். தொடங்கிய பிறகு, உரிய கவனம் செலுத்தியும் முன்பே தெரியவில்லை என்று காட்டினால்தான் கட்டளை 6 விதி 17 வழிவிடும். தட்டச்சுப் பிழைக்கு இது கடினமில்லை. புதிய கோரிக்கையைச் சேர்ப்பதென்றால், அதற்கான கெடு இதற்குள் முடிந்துவிட்டதா என்ற கேள்வி உடனே எழும்.

விரைவு வேண்டுமென்று கட்டளை 37இன்படி சுருக்க வழக்காகப் போடுகிறவர்கள், தளர்வு என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும். இந்தக் கட்டளையின் கீழ்தான் வழக்கு என்ற வாசகம் பிராதில் தனியாக இருக்க வேண்டும், வழக்கு எண்ணுக்குக் கீழேயும் அதைக் குறிக்க வேண்டும், அந்த விதிக்குள் அடங்காத பரிகாரம் எதையும் கேட்கவில்லை என்றும் எழுத வேண்டும். பிரதிவாதிக்கு முன்னிலையாக 10 நாள். பிறகு தீர்ப்புக்கான அழைப்பாணை வந்து 10 நாளில் எதிர்த்து வாதாட அனுமதி கேட்க வேண்டும். வாதிக்கு வேகம் கிடைப்பதற்கான விலை இந்த எழுத்துக் கண்டிப்பு.

இதற்கு நேர் மறுகோடி 2008ஆம் ஆண்டுக் கிராம நியாயாலயச் சட்டம். அமைக்கப்பட்ட இடங்களில், வியாபாரத்திலோ கடன் கொடுக்கல் வாங்கலிலோ எழும் பண வழக்கை விண்ணப்பமாகவே கொடுக்கலாம். கட்டணம் 100 ரூபாய்க்கு மேல் போகாது. லோக் அதாலத்தில் பிராது தாக்கலுக்கு முன்பே மனுக் கொடுத்து முடித்துக்கொள்வது இன்னும் எளிது. அங்கே எழுதும் சமரசம் டிகிரிக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. நடக்கும் வழக்கைச் சமரசத்துக்குக் கொண்டுபோனால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகவே முடித்துக்கொண்டவர்களுக்கும் உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொன்னது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பதற்காகத்தான் தானே எழுதுகிறார் என்றால், தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

கடைசியாக, பிரதிவாதியின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றை அவருடைய ஆதாரிலோ குடும்ப அட்டையிலோ உள்ளபடியே எழுதுங்கள். வழக்கில் யாரும் இதைப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். டிகிரி வாங்கி நிறைவேற்றல் மனுப் போட்டு, அமீனா (நீதிமன்ற ஊழியர்) ஜப்திக்குப் போகும்போதுதான் “அந்த ஆள் நானில்லை” என்ற பதில் வரும். சிறுவழக்கு நீதிமன்றம் அசையாச் சொத்தை ஜப்தி செய்ய முடியாது. கடன்காரரிடம் வீடு நிலம் மட்டுமே இருந்தால் டிகிரியை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றித்தான் நிறைவேற்ற வேண்டும். எந்த நீதிமன்றத்தில், எந்த முறையில் போடுவது என்று முடிவு செய்யும் முன் அவரிடம் என்ன சொத்து இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.